ஒரு 'ஹூ' போதுமா, இரண்டு வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்', 'தட்' போட்டு எழுதும் தொடர்கள் இரண்டை 'அண்ட்' வைத்துச் சேர்க்கும்போது அந்தச் சொல்லை இரண்டு முறை எழுத வேண்டுமா, ஒரு முறை போதுமா? இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் 'டிட்', 'வில்' எல்லாம் எங்கே வரும்? நீங்கள் எழுதி, யாரோ சிவப்பு மையால் சுழித்துத் திருப்பித் தந்த இரண்டு வாக்கியங்களையும் கொடுத்திருக்கிறீர்கள்:

'த ஆபீசர் ஹூ ஐ மெட் அண்ட் ஹெல்ப்ட் மீ ஹேஸ் லெஃப்ட்.'

'டூ யூ நோ வேர் ஹி வென்ட் அண்ட் வென் வில் ஹி கம் பேக்?'

இவற்றில் என்ன தவறு என்றே தெரியவில்லை என்கிறீர்கள். தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. இரண்டையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நான் சந்தித்த, எனக்கு உதவிய அதிகாரி போய்விட்டார்.' 'அவர் எங்கே போனார், எப்போது வருவார் என்று தெரியுமா?' ஒரு குறையும் இல்லை. தமிழில் சரியாக இருப்பதுதான் ஆங்கிலத்தில் காலை வாருகிறது. அதனால் விதிகளை வரிசையாக அடுக்காமல், நம் மொழி எங்கே தாராளமாக விடுகிறது, ஆங்கிலம் எங்கே கணக்குப் பார்க்கிறது என்று பார்த்துக்கொண்டே போகிறேன். உதாரணங்களை வாய்விட்டுப் படியுங்கள், காது பாதி வேலையைச் செய்துவிடும்.

அடிப்படையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்', 'தட்' தொடர் என்றாலும் சரி, 'வாட்', 'ஹூ' கேள்வி என்றாலும் சரி, உள்ளே ஒரு காலியிடம் இருக்கும். 'த லெட்டர் தட் ஐ ரோட்' என்றால் 'ரோட்' என்பதற்குப் பிறகு எதை எழுதினேன் என்று ஒரு சொல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த இடம் காலி. முன்னால் நிற்கும் 'லெட்டர்'தான் அந்த இடத்துக்கு உரியது. 'வாட் டிட் யூ ரைட்' என்ற கேள்வியிலும் அதே இடம்தான் காலி, முன்னால் நிற்பது 'வாட்'.

இப்போது 'அண்ட்' போடுவோம். 'த லெட்டர் தட் ஐ ரோட் அண்ட் ஷி போஸ்ட்டட்.' நான் எழுதி அவள் தபாலில் சேர்த்த கடிதம். 'ரோட்' என்பதற்குப் பின் ஒரு காலியிடம், 'போஸ்ட்டட்' என்பதற்குப் பின் ஒரு காலியிடம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே 'தட்'. இதில் பலர் செய்யும் பிழை 'த லெட்டர் தட் ஐ ரோட் அண்ட் ஷி போஸ்ட்டட் இட்' என்று கடைசியில் ஓர் 'இட்' சேர்ப்பது. காலியாக இருக்க வேண்டிய இடத்தில் ஆளை உட்காரவைத்தாயிற்று. அதாவது ஒரு பக்கம் காலியிடம், மறுபக்கம் நிறைந்த இடம். ஆங்கிலம் இதை ஏற்காது. காலி என்றால் 'அண்ட்' சேர்க்கும் எல்லாத் துண்டிலும் காலி, இல்லையென்றால் எதிலுமே இல்லை.

இதை முறையாக எழுதிவைத்தவர் மொழியியலாளர் ஜான் ராபர்ட் ராஸ். 1967-இல் எம்.ஐ.டி.யில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இது ஒரு கட்டுப்பாடாகவே வருகிறது: 'அண்ட்', 'ஆர்' சேர்த்த தொடரின் ஒரு பாதியிலிருந்து மட்டும் எதையும் வெளியே எடுக்கக் கூடாது, எடுத்தால் எல்லாப் பாதியிலிருந்தும் ஒரே சமயத்தில் எடுக்க வேண்டும். அப்படி எல்லாவற்றிலிருந்தும் எடுப்பதற்கு 'அக்ராஸ் த போர்ட்' என்று பெயர் நிலைத்தது பிறகுதான். எட்வின் வில்லியம்ஸ் என்ற மொழியியலாளர் 1978-இல் எழுதிய கட்டுரை அதற்குக் காரணம்.

நம் இலக்கணக்காரர்களும் இந்த விஷயத்தைத் தொடாமல் விடவில்லை. உருபுகள் பல அடுக்கி வந்தாலும் வினைகள் வேறுவேறாக அடுக்கி வந்தாலும் எல்லாம் கடைசியில் வரும் ஒன்றைக் கொண்டே முடியும் என்கிறது நன்னூல். 'கற்ற கேட்ட பெரியோர்' என்று பள்ளியில் படித்தது நினைவிருக்கும். 'கற்ற' என்பதும் 'பெரியோர்' என்பதில் முடிகிறது, 'கேட்ட' என்பதும் அதிலேயே முடிகிறது. நடுவில் 'அண்ட்' மாதிரி ஒரு சொல்லும் கிடையாது. வைக்கவும் முடியாது. 'கற்றவும் கேட்டவும் பெரியோர்' என்று யாரும் சொல்வதில்லை.

இங்கேதான் ஒரு பெரிய வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. தமிழில் ஒவ்வொரு பெயரெச்சமும் தனித்தனியாகப் பெயரில் போய் ஒட்டிக்கொள்கிறது. 'நான் சந்தித்த' என்பதில் அதிகாரி செயப்படுபொருள், 'எனக்கு உதவிய' என்பதில் அவரே எழுவாய். இரண்டு எச்சங்களும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்வதில்லை, யார் எந்த வேற்றுமையில் நின்றார் என்ற கவலையும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரே 'ஹூ' இரண்டு துண்டுக்கும் பொறுப்பேற்கிறது. அதனால் இரண்டு துண்டும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்க வேண்டும்.

உங்கள் முதல் வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 'ஹூ ஐ மெட்' என்பதில் 'ஐ' எழுவாய், காலியிடம் கடைசியில். 'ஹெல்ப்ட் மீ' என்பதில் எழுவாயே இல்லை, காலியிடம் முதலில். ஒரு பக்கம் எழுவாயோடு கூடிய முழுத் தொடர், மறுபக்கம் வெறும் பயனிலை. அளவே பொருந்தவில்லை. கேட்பவர் காதில் என்ன நடக்கும்? 'ஐ மெட் அண்ட் ஹெல்ப்ட்' என்று வந்ததும் அவர் 'நான் சந்தித்து நான் உதவினேன்' என்றுதான் எடுத்துக்கொள்வார், ஏனென்றால் பக்கத்தில் இருக்கும் எழுவாய் 'ஐ'. அடுத்து 'மீ' வந்து விழுந்ததும் 'நான் எனக்கே உதவினேனா' என்று ஒரு நொடி திகைப்பார். பிழை என்று சுழித்தவர் சுழித்தது அந்த நொடியைத்தான்.

சரிசெய்வது சுலபம். 'த ஆபீசர் ஹூ ஐ மெட் அண்ட் ஹூ ஹெல்ப்ட் மீ.' இரண்டாவது 'ஹூ' வந்ததும் அந்தத் துண்டுக்குத் தனி எழுவாய் கிடைத்துவிட்டது. கொஞ்சம் முறையாக எழுத வேண்டுமென்றால் முதல் இடத்தில் 'ஹூம்', இரண்டாவதில் 'ஹூ'. 'ஹூம்' போட்டுவிட்டால் திரும்ப எழுதுவதைத் தவிர்க்கவே முடியாது, ஏனென்றால் ஒரே 'ஹூம்' எழுவாயாகவும் நிற்க இயலாது. முதல் இடத்தில் எதுவுமே போடாமல் 'த ஆபீசர் ஐ மெட் அண்ட் ஹூ ஹெல்ப்ட் மீ' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது நடக்கும், ஆனால் எனக்கு அது ஒரு கால் செருப்போடு நடப்பது போல இருக்கும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு 'ஹூ' தாராளமாகப் போதும். 'த ஆபீசர் ஹூ மெட் மீ அண்ட் ஹெல்ப்ட் மீ', இரண்டிலும் அவரே எழுவாய். 'த ஆபீசர் ஹூ ஐ மெட் அண்ட் தேங்க்ட்', இரண்டிலும் நானே எழுவாய், அவர் செயப்படுபொருள். 'த ஆபீசர் ஹூ ஐ மெட் அண்ட் மை பிரதர் தேங்க்ட்', எழுவாய் வேறு, ஆனால் காலியிடம் இரண்டிலும் கடைசியில். எல்லாம் சரி. திருப்பிப் போட்டு 'ஹூ ஹெல்ப்ட் மீ அண்ட் ஐ தேங்க்ட்' என்றால் மறுபடி சிக்கல், 'ஐ தேங்க்ட்' புது வாக்கியம் மாதிரி தனியே போய் நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை. 'த ஆபீசர் ஹூ ஐ மெட் அண்ட் மை பிரதர் செஸ் ஹெல்ப்ட் ஹிம்' என்று சொல்லலாம். நான் சந்தித்த, தனக்கு உதவியதாக என் தம்பி சொல்கிற அதிகாரி. இங்கேயும் இரண்டாவது காலியிடம் ஓர் எழுவாயின் இடம்தான். ஆனால் அது 'மை பிரதர் செஸ்' என்பதற்குள்ளே, ஒரு படி கீழே இருக்கிறது. மேல்மட்டத்தில் 'ஐ', 'மை பிரதர்' என்று இரண்டு துண்டுக்கும் எழுவாய் இருப்பதால் அளவு பொருந்திவிடுகிறது. ஆகவே எழுவாயும் செயப்படுபொருளும் கலக்கவே கூடாது என்பது விதியல்ல. 'அண்ட்' இருபக்கமும் நிற்பவை ஒரே அளவுத் துண்டுகளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, தமிழர் ஆங்கிலத்தில் நான் அதிகம் பார்க்கிற பிழை. 'அவர் கட்டி வாழ்ந்த வீடு.' இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பத்தில் பாதிப்பேர் 'த ஹவுஸ் விச் ஹி பில்ட் அண்ட் லிவ்ட்' என்று எழுதுவார்கள் என்பது என் கணிப்பு. வர வேண்டியது 'த ஹவுஸ் விச் ஹி பில்ட் அண்ட் லிவ்ட் இன்'. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'இன்' ஏன்? வீட்டைக் கட்டினார், வீட்டில் வாழ்ந்தார். தமிழில் பெயரெச்சமாக மாறும்போது 'ஐ' உருபும் போய்விடும், 'இல்' உருபும் போய்விடும். கட்டிய வீடு, வாழ்ந்த வீடு, விற்ற வீடு, ஓடிப்போன வீடு. கடைசி ஒன்றில் வீட்டை விட்டு ஓடிப்போனாரா, வீட்டுக்குள் ஓடிப்போனாரா என்றுகூடச் சூழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பெயர் மட்டும்தான் முன்னால் போகும், 'இன்' போன்ற சொல் தன் இடத்திலேயே நிற்கும், இல்லையென்றால் 'விச்' என்பதோடு சேர்ந்து முன்னால் போகும்.

சேர்ந்து போகும்போது இன்னொரு கணக்கு. 'த ஹவுஸ் இன் விச் ஹி லிவ்ட் அண்ட் டைட்' சரி. வாழ்ந்ததும் வீட்டில், இறந்ததும் வீட்டில், 'இன் விச்' இரண்டுக்கும் பொது. 'த ஹவுஸ் இன் விச் ஹி லிவ்ட் அண்ட் பில்ட்' தவறு, கட்டியது வீட்டை. அப்போது 'இன் விச் ஹி லிவ்ட் அண்ட் விச் ஹி பில்ட்' என்று பிரிக்க வேண்டும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு துண்டையும் தனி வாக்கியமாக உடைத்துச் சொல்லிப் பாருங்கள். 'ஹி பில்ட் த ஹவுஸ். ஹி லிவ்ட் இன் த ஹவுஸ்.' உடைத்ததில் ஓர் 'இன்' இருந்தால் சேர்த்ததிலும் அது எங்காவது இருந்தாக வேண்டும்.

பெயரடையோடு 'விச்' தொடரைச் சேர்ப்பது இன்னொரு பொறி. 'எ லாங் புக் அண்ட் விச் நோபடி ரெட்.' ஆங்கில நடை பற்றி எழுதுகிறவர்கள் இந்த 'அண்ட் விச்' என்பதை நெடுங்காலமாகக் கடிந்துகொண்டே இருக்கிறார்கள். முன்னால் ஒரு 'விச்' வராமல் 'அண்ட் விச்' வரலாமா என்பது அவர்கள் வாதம். நமக்கு இது ஏன் உறுத்துவதில்லை தெரியுமா? 'நீண்ட, யாரும் படிக்காத புத்தகம்' என்கிறோம். 'நீண்ட' என்பதே 'நீள்' என்ற வினையிலிருந்து வந்த பெயரெச்சம். நமக்கு அது பக்கத்தில் இருக்கும் 'படிக்காத' என்பதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்தில் 'லாங்' வேறு சாதி, 'விச் நோபடி ரெட்' வேறு சாதி. 'அண்ட்' என்பதை எடுத்துவிட்டு 'எ லாங் புக் விச் நோபடி ரெட்' என்றாலே வாக்கியம் நிமிர்ந்து நிற்கும். நல்ல ஆங்கில எழுத்தாளர்களிடமும் 'அண்ட் விச்' அங்கங்கே தென்படும். தடை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை வைத்துத்தான் எழுத வேண்டிய கட்டாயம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

இலக்கணம் இருக்கட்டும், பொருள்? 'ஹூ' ஒருமுறை வந்தால் ஒரு பொருள், இருமுறை வந்தால் இன்னொன்றா? பெரும்பாலும் இல்லை. 'எ மேன் ஹூ சிங்ஸ் அண்ட் டான்சஸ்', 'எ மேன் ஹூ சிங்ஸ் அண்ட் ஹூ டான்சஸ்' இரண்டும் ஒருவரையே சொல்கின்றன. பன்மையில்தான் கொஞ்சம் வழுக்கும். 'பீப்பிள் ஹூ வேர் பார்ன் இன் ஜூன் அண்ட் ஹூ வேர் பார்ன் இன் ஜூலை' என்றால் ஒரே ஆள் இரண்டு மாதத்திலும் பிறந்திருக்க முடியாது, எனவே இரண்டு கூட்டம் என்று புரிந்துகொள்கிறோம். புரிந்துகொள்வது இலக்கணத்தால் அல்ல, உலக அறிவால். பிரெஞ்சு தெரிந்தவர்கள், ஜெர்மன் தெரிந்தவர்கள் என்று வந்தால் உலக அறிவு கைகொடுக்காது, இரண்டும் தெரிந்தவர்களா இரண்டு கூட்டமா என்று படிப்பவர் விழிப்பார். இரண்டு கூட்டம் என்றால் 'தோஸ் ஹூ', 'அண்ட் தோஸ் ஹூ' என்று தலைச்சொல்லையே திரும்ப எழுதிவிடுங்கள். 'தெரிந்தவர்களும் தெரிந்தவர்களும்' என்று தமிழில் நாம் செய்வதும் அதைத்தான்.

எதிர்மறை வந்தால்தான் ஒரு 'ஹூ', இரண்டு 'ஹூ' வித்தியாசம் உண்மையிலேயே கடிக்கும். 'பீப்பிள் ஹூ டோன்ட் ஸ்மோக் ஆர் டிரிங்க்' என்றால் புகையும் இல்லை, குடியும் இல்லை. ஒரே 'டோன்ட்' இரண்டையும் மறுக்கிறது. 'பீப்பிள் ஹூ டோன்ட் ஸ்மோக் ஆர் ஹூ டோன்ட் டிரிங்க்' என்றால் புகைக்காதவர்கள் அல்லது குடிக்காதவர்கள், அதாவது இரண்டில் ஏதோ ஒன்று இல்லாதிருந்தால் போதும். குடிக்கிற, ஆனால் புகைக்காத ஆள் முதல் கூட்டத்தில் சேர மாட்டார், இரண்டாவதில் சேர்ந்துவிடுவார். நிபந்தனை எழுதுகிறவர்கள், தகுதி விதி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் இரண்டு தடவை படித்துப் பார்ப்பது நல்லது.

விதி இருந்தால் விலக்கு இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் மிகச் சாதாரணமான வாக்கியத்தில். 'வாட் டிட் யூ கோ டு த ஸ்டோர் அண்ட் பை?' கடைக்குப் போய் என்ன வாங்கினாய்? 'கோ டு த ஸ்டோர்' என்பதில் காலியிடம் எதுவும் இல்லை, 'பை' என்பதில் மட்டும் இருக்கிறது. மேலே சொன்ன கட்டுப்பாட்டின்படி இது கூடாது. ஆனாலும் ஆங்கிலேயர் யாரும் இதில் தடுக்கி விழுவதில்லை. இந்த வகை வாக்கியங்களை ராஸே 1967-இல் கவனித்து, இங்கே வரும் 'அண்ட்' வேறு ரகம் என்று ஒதுக்கிவைத்தார். பிறகு வேறொரு ரகமும் பேச்சுக்கு வந்தது: 'ஹவ் மெனி பேஜஸ் கேன் யூ ரீட் அண்ட் ஸ்டில் ஸ்லீப் வெல்?' எத்தனை பக்கம் படித்துவிட்டும் நன்றாகத் தூங்க முடியும்? இதில் காலியிடம் முதல் பாதியில் மட்டும்.

என்ன ரகம் என்பதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பே துப்புக் கொடுக்கிறது. முதலாவது 'போய் வாங்கினாய்', இரண்டாவது 'படித்துவிட்டும் தூங்க'. இரண்டும் சமமான இரண்டு செயல்கள் அல்ல. ஒன்று மற்றொன்றுக்கு வழி, அல்லது ஒன்று மற்றொன்றுக்குத் தடை. நாம் வினையெச்சம் போட்டுக் கீழே இறக்கிவைப்பதை ஆங்கிலம் 'அண்ட்' போட்டுப் பக்கத்தில் உட்காரவைக்கிறது, ஆனால் உள்ளே அது சமபந்தி இல்லை. தமிழ் வினையெச்சத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாறுவோம், 'கட்டி வாழ்ந்த' என்பதிலும் வினையெச்சம்தானே. நிச்சயமான சோதனை வேறு. இரண்டு பாதிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். 'ஐ பாட் பிரெட் அண்ட் வென்ட் டு த ஸ்டோர்' என்றால் கதையே மாறிவிடுகிறது. 'போத்' என்ற சொல்லை முன்னால் சேர்த்தாலும் அந்த ஒரே பயணம் இரண்டு தனிச் செயல்களாகப் பிரிந்துவிடும். இடம் மாற்றியும் பொருள் மாறாத 'அண்ட்' என்றால் அது அசல், அங்கே கட்டுப்பாடு கறாராக வேலை செய்யும்.

சரி, கேள்விகளுக்கு வருவோம்.

'வாட் டிட் யூ பை அண்ட் செல்?' ஒரே 'வாட்', இரண்டு காலியிடம். எதை வாங்கி விற்றாய் என்று பொருள். வாங்கியதும் விற்றதும் ஒரே பொருள் என்று கேட்பவர் நினைக்கிறார். 'வாட் டிட் யூ பை அண்ட் வாட் டிட் யூ செல்?' இது இரண்டு கேள்வி. வாங்கியது மேசையாக இருக்கலாம், விற்றது நாற்காலியாக இருக்கலாம். பதில் எத்தனை வேண்டும் என்பதை 'வாட்' எத்தனை முறை வருகிறது என்பது முடிவுசெய்கிறது.

முதல் வாக்கியத்தில் 'டிட்' ஒருமுறைதான் வருகிறது என்பதையும் கவனியுங்கள். அது இரண்டு வினைக்கும் பொது. அதனால் இரண்டு வினையும் 'பை', 'செல்' என்று அடிவடிவிலேயே நிற்க வேண்டும். 'வாட் டிட் யூ பை அண்ட் சோல்ட்' என்று எழுதுகிறவர்கள் இரண்டாவது வினைக்கு வரும்போது 'டிட்' இருந்ததையே மறந்துவிடுகிறார்கள். அதே மாதிரி 'ஹேஸ் ஹி ஈட்டன் அண்ட் கான்' என்பதில் 'ஹேஸ்' இரண்டுக்கும் பொது, 'கோ' என்றோ 'வென்ட்' என்றோ போடக் கூடாது. 'வேர் டிட் ஹி கோ அண்ட் வாட் டிட் ஹி டூ' என்று கேள்விச்சொல் திரும்ப வந்தால் 'டிட்' என்பதும் திரும்ப வரும்.

இனி உங்கள் இரண்டாவது வாக்கியம். 'டூ யூ நோ வேர் ஹி வென்ட் அண்ட் வென் வில் ஹி கம் பேக்?' இதில் கேள்வி ஒன்றுதான், அது 'டூ யூ நோ'. எங்கே போனார், எப்போது வருவார் என்பவை அதற்குள் அடங்கிய துணைத்தொடர்கள். வாக்கியத்தின் தலையில் 'டூ' முன்னால் வந்து கேள்வி என்று அறிவித்தாயிற்று, உள்ளே இருப்பவை சாதாரண வரிசையில் நிற்க வேண்டும். முதலாவதை 'வேர் ஹி வென்ட்' என்று சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதில் 'வில் ஹி' என்று புரட்டிவிட்டீர்கள். 'வென் ஹி வில் கம் பேக்' என்று வர வேண்டும்.

முதலாவது சரியாக வந்து இரண்டாவது மட்டும் ஏன் சறுக்குகிறது? 'அண்ட்' தாண்டும்போது 'டூ யூ நோ' என்ற பிடி தளர்ந்துவிடுகிறது. இரண்டாவது துண்டு தனிக் கேள்வி மாதிரி காதில் ஒலிக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே பேச்சில் இப்படி வழுக்குவது உண்டு. அயர்லாந்து ஆங்கிலத்தில் உள்ளே இருக்கும் கேள்வியைப் புரட்டுவது வட்டார வழக்காகவே இருக்கிறது. நமக்குக் கூடுதல் காரணம் ஒன்று இருக்கிறது. தமிழில் நேர்க்கேள்விக்கும் அடங்கிய கேள்விக்கும் சொல்வரிசை ஒன்றேதான். 'எப்போது வருவார்?' என்பதன் பின்னால் 'என்று தெரியுமா' சேர்த்தால் முடிந்தது. உள்ளே எதையும் அசைக்க வேண்டியதில்லை. எழுதிய பின் ஒரு சோதனை செய்யலாம். முதல் துண்டை விரலால் மறைத்துக்கொண்டு 'டூ யூ நோ' என்பதோடு இரண்டாவதை நேராகச் சேர்த்துப் படியுங்கள். 'டூ யூ நோ வென் வில் ஹி கம் பேக்' என்று உறுத்தினால் பிழை கையோடு அகப்பட்டுவிடும்.

எந்தத் துணைவினை முன்னால் வர வேண்டும் என்பதிலும் இதே தலைமைக் கணக்குத்தான். 'த மேன் ஹூ கேம் எஸ்டர்டே அண்ட் ஹூ இஸ் சிட்டிங் தேர் இஸ் யுவர் ஃபிரெண்ட்' என்பதைக் கேள்வியாக்கினால் இரண்டு 'இஸ்' இருக்கிறது. முன்னால் போவது முதலில் காதில் விழும் 'இஸ்' அல்ல, தலைமை வாக்கியத்தின் 'இஸ்'. ஸ்டீவன் கிரெய்னும் மினெஹாரு நகயாமாவும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் ஆங்கிலம் பேசும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். 'ஹூ' தொடருக்குள் இருக்கும் 'இஸ்' ஒன்றைத் தவறாக உருவி முன்னால் கொண்டுவந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. மற்றபடி 'இஸ்' என்பதை முன்னாலும் சொல்லி, பழைய இடத்திலும் சொல்லித் தடுமாறினார்கள், ஆனால் தொடரின் சுவரை உடைக்கவில்லை.

கேள்விச் சொற்களையே 'அண்ட்' வைத்துச் சேர்ப்பதும் உண்டு. 'வென் அண்ட் வேர் வாஸ் ஹி பார்ன்?' அருமையாக இருக்கும். 'ஹவ் அண்ட் வொய்' சரி. 'வாட் அண்ட் வேர் டிட் யூ பை?' மட்டும் ஏன் இடறுகிறது? ஒவ்வொரு சொல்லையும் தனியாக வைத்துப் பாருங்கள். 'வாட் டிட் யூ பை' நிற்கும். 'வேர் டிட் யூ பை' நிற்காது, எதை என்ற இடம் காலியாகி வாக்கியம் தொங்கும். 'பை' என்ற வினை செயப்படுபொருள் இல்லாமல் நிற்காது. 'ஈட்' அப்படி அல்ல, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கலாம், ஆகவே 'வாட் அண்ட் வென் டிட் யூ ஈட்' ஓரளவு தாங்கும். சந்தேகம் வந்தால் 'வாட் டிட் யூ பை, அண்ட் வேர்?' என்று பின்னால் தள்ளிவிடுங்கள், எப்போதும் சரியாக இருக்கும்.

'மாலா அண்ட்' என்று நிறுத்தி 'ஹூ' என்பதை மட்டும் முன்னால் இழுக்கவே முடியாது. 'ஹூ டிட் யூ மீட் மாலா அண்ட்?' ஆங்கிலமே இல்லை. ராஸ் சொன்ன கட்டுப்பாட்டின் மிகக் கடுமையான முகம் இது, இதற்கு விலக்கே கிடையாது. சுவாரசியம் என்னவென்றால் தமிழும் இந்த இடத்தில் கதவைச் சாத்துகிறது, ஆனால் வேறு தாழ்ப்பாளால். 'மாலாவையும் யாரையும் பார்த்தாய்?' என்று கேட்க முடியாது. 'யார்' என்பதோடு 'உம்' சேர்ந்த உடனே அது கேள்வியாக இருப்பதை விட்டுவிட்டு 'எவரையும்' என்ற பொருளுக்குப் போய்விடுகிறது. அதனால் 'மாலாவோடு வேறு யாரைப் பார்த்தாய்?' என்கிறோம். ஆங்கிலத்திலும் தப்பிக்கும் வழி அதுவே: 'ஹூ எல்ஸ் டிட் யூ சீ அலாங் வித் மாலா?'

கடைசியாக, 'அல்லது' என்ற பொருளில் வரும் 'ஆர்'. 'ஆர் யூ கமிங் டுடே ஆர் டுமாரோ?' இதற்கு இரண்டு பொருள். இன்று, நாளை இரண்டில் எது என்று கேட்பது ஒன்று, 'டுடே' என்று பதில் வரும். இந்த இரண்டு நாளுக்குள் எப்படியாவது வருவாயா என்று கேட்பது மற்றொன்று, 'எஸ்' என்று பதில் வரும். பேச்சில் குரல் காப்பாற்றிவிடும். 'டுடே' என்பதில் ஏறி 'டுமாரோ' என்பதில் இறங்கினால் எது என்ற கேள்வி. கடைசிவரை ஏறிக்கொண்டே போனால் ஆமாவா இல்லையா என்ற கேள்வி. எழுத்தில் குரல் இல்லை. தமிழுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 'வருவது இன்றா நாளையா?' என்று 'ஆ' இரண்டிலும் ஒட்டினால் ஒரு கேள்வி, 'இன்றோ நாளையோ வருவாயா?' என்று 'ஓ' போட்டு 'ஆ' என்பதை வினையில் வைத்தால் மற்றொரு கேள்வி. இரண்டு எழுத்தில் பிரச்சினை தீர்ந்தது.

அடங்கிய கேள்வியிலும் ஆங்கிலத்தின் இந்த மயக்கம் தொடரும். 'ஐ டோன்ட் நோ வெதர் ஹி வில் கம் டுடே ஆர் டுமாரோ' என்றால் வருவது உறுதி, நாள்தான் தெரியவில்லை என்றும் கொள்ளலாம், வருவதே சந்தேகம் என்றும் கொள்ளலாம். வருவதே சந்தேகம் என்றால் 'வெதர் ஆர் நாட் ஹி வில் கம்' என்று 'ஆர் நாட்' என்பதை 'வெதர்' பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். 'இஃப்' போட்டு எழுதினால் அந்த வசதி கிடைக்காது. 'இஃப் ஆர் நாட்' என்று சேராது, 'இஃப் ஹி வில் கம் ஆர் நாட்' என்று கடைசியில்தான் வைக்க வேண்டும். நாள்தான் தெரியவில்லை என்றால் 'வெதர்' என்பதையே விட்டுவிட்டு 'ஹி இஸ் கமிங், பட் ஐ டோன்ட் நோ விச் டே' என்று எழுதிவிடுவேன்.